இளவேனில் வளவு



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரண்மனைகளும் கோட்டைகளும் போர்க்களங்களுமே. ஆயின் ஒரு நாட்டின் வரலாற்றில் ஒரு பகுதி அடுக்களைக்குப் பின்புறத்திலும் எழுதப்பட்டிருக்கின்றது. கிணற்றடி வாழை, வேலியோர முருங்கை, கத்தரிப் பாத்தி, மூலையிலுள்ள கோழிக்கூடு ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அவை ஏட்டுச் சுவடிகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. யாழ்ப்பாணத்துச் சிறு வளவொன்றினுள் இளவேனிற் காலத்தில் நுழைந்து, அங்குள்ளவை எங்கிருந்து வந்தன, எவ்வாறு நிலைத்தன, நம்மை எப்போது காத்தன என்பவற்றை இன்று ஆராய்வோம்.

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என்றனர். மேனாட்டாரின் வசந்தம் பனி உருகிப் புல் முளைக்குங் காலம். நமது இளவேனில் அத்தகையதன்று. மாரி மழை ஓய்ந்து, தையில் நெல் அரிந்து, வயல் வெறுந்தரையாய் வெடித்துக் கிடக்குங் காலம் அது. வயல் உறங்க, வளவு விழித்திருக்கும். வேம்பு பூக்கும், மா காய்க்கும், முருங்கை கொத்துக் கொத்தாய்த் தொங்கும், விடியற் பொழுதில் சேவலும் குயிலும் மாறிமாறிக் குரல் கொடுக்கும். மருத்துநீர் வைத்து முழுகிக் கைவிசேடம் பெறும் புத்தாண்டு நாளிலே இலையிற் படைக்கப்படும் கறிகளுட் பாதியேனும் அவ்வளவிலேயே ஆய்ந்தெடுக்கப்பட்டவையாக இருக்கும்.

வறண்ட காலத்தில் இப்பசுமை எவ்வாறு வாய்த்தது? யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் பிளவுகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நீரை மேலே கொணர மனிதன் கண்ட வழியே கிணறும் துலாவும் பட்டையும். ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். ஆங்கிலேய ஆட்சியில் உயர்பதவி வகித்த எமர்சன் தெனன்ற் 1859 ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய தமது பெருநூலிலே யாழ்ப்பாணத்தாரின் இத்தோட்ட உழைப்பை வியந்து எழுதியுள்ளார்.

வளவின் ஒழுங்கிலே வீண் என்பதொன்றில்லை. குளித்த நீர் வாழைக்குப் போகும். அரிசி கழுவிய நீர் கத்தரிக்குப் போகும். வேலியிலே நின்ற பூவரசும் கிளுவையும் எல்லையைக் காத்ததோடு ஆட்டுக்குத் தீனியும், மண்ணிலே புதைக்கக் குழையும் தந்தன. சிந்திய நெல்லையும் புழுவையும் பூச்சியையும் கோழி பொறுக்கியது. கோழியின் எச்சம் பாத்திக்கு உரமாயிற்று. ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவு என்னும் இவ்வட்டத்தை நமது பாட்டியர் எந்த நூலையும் பார்த்துக் கற்றாரல்லர்.

இவ்வளவிலுள்ள செடிகளெல்லாம் தொன்றுதொட்டு நம்முடையவையே என்று நினைத்தல் இயல்பு. உண்மை வேறு. கத்தரியும் முருங்கையும் இந்திய உபகண்டத்திற்கு உரியவை. ஆயின் மிளகாய், தக்காளி, மரவள்ளி, வற்றாளை, கொய்யா, பப்பாசி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1492 இல் கொலம்பசு கடல் கடந்ததன் பின்னரே இவை பழைய உலகத்திற்கு வந்தன. போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். அரசுகள் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, அவர்களுடைய கப்பல்கள் வழியாக வந்த செடிகள் சந்தடியின்றி வேலிக்குள் குடியேறின. மரவள்ளியை ஒல்லாந்தர் 1786 ஆம் ஆண்டளவில் மொரிசியசுத் தீவிலிருந்து கொணர்ந்தனர் என்பர். மிளகாய் வருமுன் நமது கறிக்கு உறைப்பைத் தந்தது மிளகே. புதிதாக வந்த காயை மிளகின் பெயராலேயே அழைத்தனர் என்பதை மிளகாய் என்னும் சொல் இன்றும் காட்டி நிற்கின்றது. வந்தேறிய ஒரு செடி, அது இல்லாத சமையலை நினைத்துப் பார்க்கவே இயலாத அளவுக்கு நம்முடையதாயிற்று.

இனிக் கோழியின் கதை. இலங்கைக் காடுகளில் வாழும் காட்டுக்கோழி இந்நாட்டுக்கே உரிய தனியினம். அதுவே நமது தேசியப் பறவை. செந்நிறக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டுடைய அதன் சேவலைக் கண்டோர் மறவார். எனினும் வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை அதுவன்று; தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியே. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வட் என்னும் இடத்திற் கிடைத்தவையே என்றும், அவை கி.மு. 1650 க்கும் 1250 க்கும் இடைப்பட்டவை என்றும் கூறுகின்றது. மனிதன் காட்டை வெட்டித் தானியம் விதைத்தான், சிந்திய மணியைத் தேடிக் கோழி வந்தது, வந்தது தங்கிவிட்டது. இதில் நமக்கு ஓர் உறவும் உண்டு. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சட்காலும் மஞ்சள் தோலும் தென்னிந்தியக் காடுகளிலுள்ள சாம்பற் காட்டுக்கோழியின் கலப்பினால் வந்தவை என 2008 ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர். முருகனுடைய கொடியிலே சேவலை ஏற்றிய மக்களின் மலைச்சாரலிலிருந்தே அந்நிறம் உலகெங்குஞ் சென்றது என்பது மகிழ்தற்குரிய செய்தியன்றோ!

கோழி, குடியிருப்பின் அடையாளம். இதற்குச் சான்றாக ஓர் அந்நியரின் வாழ்வைக் காட்டலாம். ஆங்கில மாலுமியாகிய றொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டிலே திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரப் பகுதியிற் சிறைப்பட்டு, கண்டியரசனின் நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் வைக்கப்பட்டார். சிறையெனினும் கூண்டிலடைத்த சிறையன்று; ஊர்களில் வாழவேண்டும், நாட்டை விட்டுப் போகலாகாது. அவர் தமக்கென ஒரு வீட்டை அமைத்ததும் பன்றியும் கோழியும் வளர்க்கத் தொடங்கினார். அவை பெருகித் தமக்கு உதவின என்று 1681 இல் வெளியான தமது நூலிலே நன்றியோடு குறிக்கின்றார். 1679 இல் அவர் தப்பி மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். திரும்பிச் செல்ல வழி தேடிக்கொண்டே இருந்தவர் கூட, வாழுமிடத்தில் வேரூன்றுவதற்கு முதலில் நாடியவற்றுள் கோழியும் ஒன்று.

இத்துணைச் சிறப்புடைய வளவைப் பற்றி அரச ஏடுகள் கூறுவன மிகச் சில. அந்நியர் எழுதிய தோம்புகள் காணியையும் அதன் உடைமையாளரையும் குறித்தன. வருமானம் தந்த புகையிலையையும் யானையையும் பற்றி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதினர். ஆயின் எத்தனை கோழி அடைகாத்தது, எந்த வீட்டுக் கீரை எந்த வீட்டுப் பிள்ளையின் பசியை ஆற்றியது என்று எழுதினார் இல்லை. அவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. விதையைத் தெரிந்து சாம்பலில் புரட்டி வைத்தவரும், அடைக்கோழியின் குணமறிந்து முட்டை வைத்தவரும், குஞ்சுக்குக் கறையான் தேடியவரும், பருந்தின் நிழல் கண்டு கூடையால் மூடியவரும் அவர்களே. ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. நம் உடலில் அவர்கள் உழைப்பு இருக்கின்றது.

அமைதிக் காலத்தில் மறக்கப்படும் வளவு, இடர் வந்ததும் நினைக்கப்படுகின்றது. 1942 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி அக்காலத்திற் கடல் கடந்தே வந்தது. அதிலும் பர்மாவே தலையாய களஞ்சியம். அக்களஞ்சியம் ஒரே மாதத்தில் அடைபட்டது. ஏப்பிரில் 5 ஆந் திகதி கொழும்பிலும் 9 ஆந் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அவ்வாண்டின் இளவேனில் அச்சத்தோடு பிறந்தது. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. கோதுமை மா நமது அடுக்களையில் உறுதியாக இடம்பிடித்தது. உணவைப் பெருக்குங்கள் என்று அரசு கூவியது. மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் மதிப்புப் பெற்றன.

அடுத்த இடர் எனது தலைமுறை கண்டது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. எரிபொருள், உரம், மின்கலம், சவர்க்காரம் யாவும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயின. நீரிறைக்கும் இயந்திரங்கள் மௌனமாயின. கழற்றி வைத்த துலாக்கள் சில மீண்டும் ஏறின. முருங்கையிலைச் சுண்டலும் ஒரு முட்டையும் பிள்ளைகளின் உடலைத் தாங்கிய காலம் அது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, என் தாயார் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். அவர் கையிற் கொண்டுபோனவற்றுள் பழஞ்சேலைத் துண்டில் முடிந்த கத்தரி விதையும் மிளகாய் விதையும் இருந்தன. அடுத்த ஆண்டு இளவேனிலிலே நாங்கள் திரும்பி வந்தோம். கூரையின் ஒரு பக்கம் இல்லை, கோழிகளும் இல்லை. முருங்கை மட்டும் நின்றது. தாயார் வீட்டினுள் நுழையுமுன் கிணற்றடிக்குச் சென்று, முடிச்சை அவிழ்த்து, ஒரு பாத்தியைக் கொத்தத் தொடங்கினார். எனக்கு அன்று அது விந்தையாகத் தோன்றியது. வீடு திரும்புதல் என்பதன் பொருள் அதுவென்று பின்னரே உணர்ந்தேன்.

மூன்றாவது இடர் நேற்று நிகழ்ந்தது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்ட போதிலும் பயிர் இழப்பு நிகழ்ந்துவிட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியது. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் நூற்றுக்கு 94.9 ஆக உயர்ந்தது. வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க யூன் மாதத்தில் முடிவு செய்யப்பட்டது. கோழித்தீனிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, முட்டை விலையும் உயர்ந்தது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது.

நேயர்களே, இம்மூன்று இடர்களையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. ஒவ்வொரு முறையும் பசி வந்த பின்னரே வளவை அழைத்தோம். ஆயின் வளவு அழைத்த அன்றே வருவதன்று. அடைவைத்த முட்டை பொரிக்க 21 நாள் வேண்டும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்தாறு மாதங்கள் வேண்டும். மிளகாய் நாற்று நட்டுக் காய் பறிக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமையில் மண்வெட்டியை எடுத்தவன் அடுத்த வெள்ளிக்கிழமையிற் கறி சமைக்க முடியாது. 2022 இல் உண்டவரும் அயலவருக்குக் கொடுத்தவரும் அதற்கு முன்னரே முருங்கையும் கோழியும் விதையும் வைத்திருந்தவர்களே.

விதையினும் அரியது அறிவு. அண்மையில் எமது பாடசாலையிலே உயர்வகுப்பு மாணவரிடம், கோழி அடைக்கு வந்ததை எவ்வாறு அறிவீர் என்று வினவினேன். நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே மூன்று கைகளே உயர்ந்தன. மூவரும் பாட்டியோடு வாழும் பிள்ளைகள். உரோமாபுரியின் வீழ்ச்சிக்குக் காரணம் கூற அவ்வகுப்பில் இருபது கைகள் உயரும். குறை பிள்ளைகளுடையதன்று, கற்பித்த நம்முடையது. ஏட்டில் எழுதப்படாத அறிவு, ஒரு தலைமுறை வாய்திறவாதிருந்தால் அற்றுப்போகும். துலா மிதிக்கும் கலை இவ்வாறே ஏறத்தாழ அற்றுப்போயிற்று.

மிகைபடக் கூறுதலும் தவறு. வீட்டு வளவு நெல் தராது. ஒரு நாட்டின் உணவுத் திட்டத்திற்கு அது ஈடாகாது. காணியற்றவனைத் தோட்டஞ் செய் என்று ஏவுதல் அறமுமன்று. கோடையிலே கோழிக்கழிச்சல் பரவினால் ஒரு கிழமையிற் கூடு வெறுமையாகும். எனினும் பேரிடருக்கும் பட்டினிக்கும் இடையே சில மாத கால இடைவெளியை வளவு தருகின்றது. அவ்விடைவெளியிற்றான் பிள்ளைகள் பிழைத்தனர்.

ஆதலின், இவ்விளவேனிலில் இடமுள்ளோர் ஒரு முருங்கைத் தடியை ஊன்றுங்கள். இடமில்லாதோர் ஒரு சாடியில் மிளகாய் விதையை இடுங்கள். அதனினும் முதன்மையாக, உங்கள் வீட்டு முதியவளின் அருகே பிள்ளையை இருத்தி, எந்தக் காயை விதைக்கு விடுவது, எந்தப் பேட்டை அடைக்கு வைப்பது என்று கேட்கச் செய்யுங்கள். அவர் கூறுவது வரலாறு. அதனைக் கேட்பதும் கல்வியே.