டயர் இணை மாற்றம்

டயர் இணை மாற்றம் என்பது மகிழுந்து ஒன்றின் நான்கு டயர்களுள் தேய்ந்துபோன இரண்டை மட்டும் நீக்கிப் புதிய இரண்டைப் பொருத்துவதைக் குறிக்கும். இவ்வாறு மாற்றும்போது புதிய இணையை முன்சக்கரங்களில் பொருத்துவதா, பின்சக்கரங்களில் பொருத்துவதா என்ற வினா எழுகின்றது. வண்டியைத் திருப்புவதும், பெரும்பாலும் நிறுத்துவதும் முன்சக்கரங்களே என்பதால் புதியவை முன்னால் இருக்க வேண்டும் என்பது பரவலான எண்ணம் ஆகும். ஆயினும், புதிய இணையைப் பின்னச்சிலேயே பொருத்த வேண்டும் என்பது டயர் உற்பத்தியாளர்களின் பொதுவான பரிந்துரையாகும். வண்டி முன்சக்கர இயக்கம் கொண்டதாயினும், பின்சக்கர இயக்கம் கொண்டதாயினும் இப்பரிந்துரை மாறுவதில்லை. ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும் என்பதும், அதனைச் சாதாரண ஓட்டுநரால் மீட்பது கடினம் என்பதும் இதற்கான காரணங்கள் ஆகும்.

இரண்டு டயர்கள் மட்டும் தேய்வதன் காரணம்

மகிழுந்தின் நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. இன்றைய சிறிய மகிழுந்துகளுள் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. இவற்றில் பொறி, பற்சக்கரப் பெட்டி ஆகிய இரண்டும் முன்பகுதியில் உள்ளமையால் வண்டியின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னச்சின் மீது அமைகின்றது. இழுத்தல், திருப்புதல், நிறுத்தலின் பெரும்பகுதி ஆகிய மூன்று பணிகளையும் முன் டயர்களே செய்கின்றன. எனவே அவை பின் டயர்களைவிட விரைவாகத் தேய்கின்றன.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய இந்திய மகிழுந்துகள் பின்சக்கர இயக்கம் கொண்டவை. 1983இல் அறிமுகமான மாருதி 800, முன்சக்கர இயக்கத்தை இந்தியச் சாலைகளில் பரவலாக்கிய வண்டியாகும். முன்சக்கர இயக்க வண்டியில் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்து, பின் டயர்கள் பாதி நிலையில் இருக்கும்போது செலவு கருதி இரண்டை மட்டும் மாற்றுவது வழக்கமாகின்றது. கழற்றிய இடத்திலேயே புதியவற்றைப் பொருத்துவது எளிது என்பதால் அவை தாமாகவே முன்னச்சைச் சென்றடைகின்றன.

நீர்மேல் வழுக்கல்

புதிய டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வேறுபாடு காய்ந்த சாலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. நீர் தேங்கிய சாலையிலேயே அது முழுமையாக வெளிப்படுகின்றது. டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களின் முதன்மைப் பணி, டயருக்கும் சாலைக்கும் இடையில் சிக்கும் நீரை வெளியேற்றுவதாகும். பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகளைப் பேச்சு வழக்கில் "பட்டன்" என்பர். அவை முழுதும் தேய்ந்த டயர் "மொட்டை டயர்" எனப்படும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் தொலைவைக் கடக்கின்றது. டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே ஆகும். அதன் அகலத்தை 15 செ.மீ. எனவும், சாலையில் நிற்கும் நீரின் ஆழத்தை 3 மி.மீ. எனவும் கொண்டால், ஒவ்வொரு டயரும் நொடிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து அகற்ற வேண்டும். தொடுபரப்பின் நீளத்தையும் 15 செ.மீ. எனக் கொண்டால், அதன் ஒரு புள்ளி சாலையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு மட்டுமே. அந்நேரத்திற்குள் நீர் வெளியேறாவிடில், டயருக்கு முன்னால் அழுத்தம் கூடி, நீர் ஆப்புப் போலப் புகுந்து டயரைத் தூக்கிவிடுகின்றது. இந்நிலை நீர்மேல் வழுக்கல் எனப்படும். இந்நிலையில் டயர் சாலையைத் தொடுவதில்லை. ஆகவே திருப்புவதற்கோ நிறுத்துவதற்கோ விசை கிடைப்பதில்லை.

ஈரமான ஓடுபாதைகளில் விமானங்கள் வழுக்குவதை ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா நிறுவனம், 1963இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கான ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தது. அதன்படி, வழுக்கல் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. காற்றழுத்தம் 32 பி.எசு.ஐ. ஆயின் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர் ஆகும். நீரின் ஆழம் பள்ளங்களின் ஆழத்தை விஞ்சும் நிலைக்கே இவ்வாய்பாடு பொருந்தும். புதிய மகிழுந்து டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் கொண்டது. 2 மி.மீ. அளவிற்குத் தேய்ந்த டயரில், அதைவிடச் சற்றே ஆழமான நீரிலேயே இந்நிலை உருவாகிவிடுகின்றது. காற்றழுத்தம் குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே வழுக்கத் தொடங்கும் என்பதும் இதனால் விளங்கும்.

குறைதிருப்பமும் மிகைதிருப்பமும்

ஒரு வளைவில் செல்லும் வண்டியின் முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவிற்கு வண்டி திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கிச் செல்லும். இது குறைதிருப்பம் எனப்படும். பின் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக வீசப்பட்டு வண்டி தேவைக்கு மேல் திரும்பும். இது மிகைதிருப்பம் எனப்படும்.

இவ்விரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. குறைதிருப்பம் ஏற்படும்போது ஸ்டீயரிங் இலேசாவதை ஓட்டுநர் கையில் உணர்கின்றார். அச்சத்தில் அவர் இயல்பாகச் செய்வது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே. அவ்வாறு செய்யும்போது வேகம் குறைகின்றது. எடையும் முன்னோக்கி நகர்ந்து முன் டயர்களை அழுத்துகின்றது. பிடிப்பு பெரும்பாலும் மீள்கின்றது. அதாவது, இயல்பான எதிர்வினையே சரியான எதிர்வினையாக அமைகின்றது.

மிகைதிருப்பத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. பின்பகுதி வழுக்கத் தொடங்குவதை ஸ்டீயரிங் வழியாக முன்கூட்டி உணர இயலாது. ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ எடை முன்னோக்கி நகர்ந்து, ஏற்கெனவே வழுக்கும் பின் டயர்களின் பிடிப்பு மேலும் குறைகின்றது. வண்டியை மீட்கப் பின்பகுதி செல்லும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். அதையும் சரியான அளவில், சரியான கணத்தில் செய்து, உடனே நேராக்க வேண்டும். இதற்குப் பயிற்சி தேவை. பயிற்சியற்ற ஓட்டுநரின் இயல்பான எதிர்வினை இங்கு வண்டியைச் சுழலச் செய்துவிடும்.

மோதலின் விளைவும் வேறுபடுகின்றது. குறைதிருப்பத்தில் வண்டி பெரும்பாலும் முன்புறமாகவே மோதும். நசுங்கி ஆற்றலை உட்கொள்ளும் பகுதி, இருக்கைப்பட்டை, முன் காற்றுப்பை ஆகியவை அத்தகைய மோதலுக்கென அமைக்கப்பட்டவை. சுழலும் வண்டி பக்கவாட்டில் மோதக்கூடும். அங்கு பயணிக்கும் மோதும் பொருளுக்கும் இடையில் கதவின் தடிப்பு மட்டுமே உள்ளது.

பின்னச்சுப் பரிந்துரை

மேற்கண்ட காரணங்களால், பிடிப்பு மிகுந்த டயர்கள் பின்னச்சில் இருக்க வேண்டும் என்பது பரிந்துரையாகின்றது. மிசெலின் நிறுவனம், அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கம் ஆகியன இதனை வலியுறுத்துகின்றன. நீர் பாய்ச்சிய வட்டத்தடத்தில் ஒரே வகையான இரண்டு மகிழுந்துகளை ஓட்டி இவ்வேறுபாட்டைச் செய்முறையாகக் காட்டுவதும் உண்டு. தேய்ந்த டயர்களைப் பின்னால் கொண்ட வண்டி தடத்தில் சுழன்றுவிட, தேய்ந்த டயர்களை முன்னால் கொண்ட வண்டி தடத்தைவிட்டுச் சற்று விலகி, வேகம் குறைந்ததும் மீண்டும் தடத்திற்குத் திரும்புகின்றது.

நடைமுறையில், முன்சக்கர இயக்க வண்டியின் தேய்ந்த முன் டயர்களை நீக்கி, பாதி தேய்ந்த பின் டயர்களை முன்னுக்கு மாற்றி, புதியவற்றைப் பின்னால் பொருத்த வேண்டும். நான்கு சக்கரங்களையும் கழற்ற வேண்டியுள்ளமையால் சற்றுக் கூடுதல் வேலை ஏற்படும். டயர் கடையில் வாடிக்கையாளர் இதனை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

முன்னச்சுக்கு ஆதரவான வாதங்கள்

புதிய டயர்களை முன்னால் பொருத்துவதற்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்களிலும் உண்மை உண்டு.

* நேர்கோட்டில் பிரேக் போடும்போது எடை முன்னோக்கி நகர்வதால் நிறுத்தும் விசையின் பெரும்பகுதி முன் டயர்களிலேயே தோன்றுகின்றது. எனவே முன் டயர்கள் தேய்ந்திருந்தால் ஈரச் சாலையில் வண்டி நிற்கும் தொலைவு கூடும்.
* நேர்ச்சாலையில் முன் டயர்கள் நீரை விலக்கிச் செல்ல, பின் டயர்கள் அத்தடத்திலேயே பின்தொடர்கின்றன. ஆகவே முன் டயர்களுக்கே வேலை மிகுதி. ஆனால் வளைவுகளில் பின் டயர்கள் முன் டயர்களின் தடத்தில் செல்வதில்லை. விலக்கப்படாத நீரை அவையும் நேரடியாக எதிர்கொள்கின்றன.
* முன்சக்கர இயக்க வண்டியில் ஏற்றத்திலும் சேற்றிலும் இழுவை முன் டயர்களிலிருந்தே கிடைக்கின்றது.
* முன் டயர் வெடித்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் என்ற அச்சமும் உண்டு. டயர் வெடிப்பதற்குக் குறைந்த காற்றழுத்தம், மிகை எடை, வெப்பம், பழைய சேதம் ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். மேலும், மகிழுந்து போன்ற வண்டிகளில் பின் டயரின் சிதைவே கட்டுப்படுத்தக் கடினமானது. 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்தன. இதனை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, மேற்பட்டை பிரிதல் பின் டயரில் நேரும்போது விபத்தாக முடியும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டது.

ஆக, எந்தச் சக்கரங்கள் மிகுதியாக உழைக்கின்றன என்பதைவிட, எந்தச் சக்கரங்கள் தவறினால் ஓட்டுநரால் மீட்க முடியாது என்பதே இப்பரிந்துரையின் அடிப்படை. முன் டயர்கள் தேய்ந்திருந்தால் வேகத்தைக் குறைத்தும், முன்செல்லும் வண்டியிடமிருந்து இடைவெளியைக் கூட்டியும் ஓட்டுநர் ஈடுசெய்யலாம்.

மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு

வண்டி சுழலத் தொடங்குவதை உணரிகள் மூலம் கண்டறிந்து, தனித்தனிச் சக்கரங்களில் பிரேக்கை இயக்கி அதனை நேராக்கும் அமைப்பு மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு ஆகும். இது அமெரிக்காவில் செப்டம்பர் 2011 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் நவம்பர் 2014 முதலும் புதிய மகிழுந்துகள் அனைத்திற்கும் கட்டாயமானது. இவ்வமைப்பு மிகைதிருப்பத்தின் ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றது. எனினும் இதுவும் டயரின் பிடிப்பைக் கொண்டே செயற்படுகின்றது. நீர்மேல் மிதக்கும் டயரில் பிரேக் போடுவதால் பயன் விளைவதில்லை. எனவே இவ்வமைப்பு உள்ள வண்டிகளுக்கும் பரிந்துரை மாறவில்லை.

பேருந்துகளும் சரக்குந்துகளும்

கனரக வண்டிகளில் நடைமுறை தலைகீழானது. பேருந்துகளிலும் லாரிகளிலும் புதிய டயர்களை முன்னச்சில் பொருத்தி, தேய்ந்த பின் ரீட்ரெடிங் செய்து பின்னச்சில் பயன்படுத்துவது இந்தியாவில் வழக்கம். அமெரிக்கச் சட்டம் பேருந்தின் முன்சக்கரங்களில் ரீட்ரெடிங் செய்த டயர்களைத் தடை செய்கின்றது. அங்கு பேருந்து, சரக்குந்து ஆகியவற்றின் முன் டயர்களுக்கு 3.2 மி.மீ. பள்ளமும், ஏனைய டயர்களுக்கு 1.6 மி.மீ. பள்ளமும் குறைந்த அளவுகளாகும்.

இதற்குக் காரணம் அமைப்பு வேறுபாடு ஆகும். கனரக வண்டியின் பின்னச்சில் பக்கத்திற்கு இரண்டு டயர்கள் உள்ளமையால் ஒன்று வெடித்தாலும் மற்றது எடையைத் தாங்கும். முன்னச்சில் பக்கத்திற்கு ஒன்று மட்டுமே உண்டு. லாரிக்குச் சரியான இந்நடைமுறை, பக்கத்திற்கு ஒரே டயர் கொண்ட மகிழுந்தின் பின்னச்சுக்குப் பொருந்தாது.

விதிவிலக்குகள்

* நான்கு சக்கர இயக்க வண்டிகளில் டயர்களின் விட்ட வேறுபாடு இயக்கப் பகுதிகளைச் சேதப்படுத்தக்கூடும். இவற்றில் நான்கையும் ஒருசேர மாற்றுமாறு உற்பத்தியாளர்கள் கூறுவதுண்டு.
* முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் கொண்ட வண்டிகளில் இடம் மாற்ற இயலாது.
* வண்டியின் கையேடு வேறு அறிவுரை தந்தால் அதனையே பின்பற்ற வேண்டும்.
* எஞ்சியுள்ள இணையும் தேய்வு எல்லையை நெருங்கியிருந்தால் நான்கையும் மாற்றுவதே பாதுகாப்பானது. பின்னச்சுப் பரிந்துரை, மொட்டை டயரை முன்னால் ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது.

சுழற்சி முறை இடமாற்றம்

நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்தால் இவ்வினாவே எழாது. இதற்காக 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுவர். முன்சக்கர இயக்க வண்டியில் முன் டயர்களை அதே பக்கத்தில் பின்னுக்கும், பின் டயர்களைப் பக்கம் மாற்றி முன்னுக்கும் கொண்டுவருவர். பின்சக்கர இயக்க வண்டியில் பின் டயர்கள் அதே பக்கத்தில் முன்னுக்கும், முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னுக்கும் செல்லும். சுழலும் திசை குறிக்கப்பட்ட டயர்களை அதே பக்கத்தில் மட்டுமே முன்பின்னாக மாற்றலாம்.

தேய்மானத்தை அறிதல்

இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் மகிழுந்து டயரின் பள்ளம் 1.6 மி.மீ. அளவிற்குக் குறையக்கூடாது என்பது விதி. பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே உள்ள சிறு மேடுகள் இவ்வளவைக் காட்டுகின்றன. பட்டன் அம்மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட காலத்தைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் ஆகும். முன்சக்கர இயக்க வண்டியின் பின் டயர்கள் மெதுவாகத் தேய்வதால், பட்டன் மிகுதியாக இருந்தும் ரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விட்டிருக்கக்கூடும். ஆகவே புதிய இணையை வாங்கும்போது எஞ்சிய இணையின் பள்ளத்தோடு அதன் வயதையும் பார்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* டயர்
* உராய்வு
* முன்சக்கர இயக்கம்
* சாலைப் பாதுகாப்பு