பணப்பெட்டியும் சாவிகளும்: பல்கலைக்கழக நிதியாளர் பதவியின் வரலாறு

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வேந்தர்களைப் பற்றி எழுதுவர். உபவேந்தர்களைப் பற்றி எழுதுவர். பேராசிரியர்களின் புகழையும் மாணவரின் கிளர்ச்சிகளையும் எழுதுவர். கணக்கேடும் கையுமாக ஓர் அறையில் அமர்ந்திருக்கும் நிதியாளரை எவரும் பொருட்படுத்துவதில்லை. சம்பளம் பிந்தும்போதும் உதவிப்பணம் வந்து சேராதபோதுமே அவருடைய நினைவு நமக்கு வருகிறது. எனினும், ஒரு சமுதாயத்தில் உயர்கல்வி எவருடைய உழைப்பினால் நடைபெறுகிறது என்ற வினாவுக்கு, விரிவுரை மண்டபத்திற் கிடைக்கும் விடையிலும் பார்க்கத் தெளிவான விடை அந்தக் கணக்கேட்டிலே கிடைக்கின்றது. இக் காரணம் பற்றியே அப் பதவியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும்.

நாம் நிதியாளர் என்று வழங்கும் பதவியை ஆங்கிலேயர் ‘பேர்சர்’ என்பர். இலத்தீன் மொழியிலே பணப்பையைக் குறித்த ‘புர்சா’ என்ற சொல்லே இதற்கு வேர். ஏழை மாணவனுக்கு வழங்கும் உதவிப்பணத்துக்கு ஆங்கிலத்திலுள்ள பெயரும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. ஐரோப்பியப் பங்குச் சந்தைக்கு வழங்கும் ‘பூர்ஸ்’ என்ற பெயரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏழை மாணவனும் பங்குத் தரகனும் சொல்லளவில் உறவினர் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். வரலாற்றிலே அவர்கள் சந்தித்துக்கொண்ட இடம் நிதியாளரின் மேசை.

கதை ஒரு கொலையுடன் தொடங்குகிறது. 1209ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் நகரிலே ஒரு பெண் கொல்லப்பட்டாள். குற்றம் ஒரு மாணவன்மீது சுமத்தப்பட்டது. அவன் தப்பிவிடவே, அவனோடு குடியிருந்தோரைப் பிடித்து நகரத்தார் தூக்கிலிட்டனர். ஆசிரியரும் மாணவரும் நகரைவிட்டு வெளியேறினர். அவ்வாறு போனோரில் ஒரு பகுதியினராலேயே கேம்பிரிட்ஜ் உருவாயிற்று. 1214ஆம் ஆண்டு போப்பாண்டவரின் தூதுவர் வழங்கிய தீர்ப்பிலே நகரத்தாருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. மாணவர் விடுதிகளின் வாடகையிற் பாதியைப் பத்தாண்டுகளுக்கு அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் 52 சிலிங் ஏழை மாணவருக்கென வழங்கவேண்டும். நிக்கலஸ் முனிவரின் திருநாளன்று நூறு ஏழை மாணவருக்கு உணவளிக்கவேண்டும்.

தண்டப்பணம் வந்தது. அதை வைத்திருப்பவர் யார்? 1240ஆம் ஆண்டு லிங்கன் மறைமாவட்ட ஆயர் ரொபேட் குரோசெற்றெஸ்ற் இதற்கு ஒரு வழி கண்டார். புனித பிரைட்ஸ்வைட் மடத்திலே ஒரு பெட்டியை வைத்து, அதில் இப் பணத்தை இட்டு, ஏழை மாணவருக்கு வட்டியின்றிக் கடன் வழங்கச் செய்தார். கடன் பெறுபவன் ஓர் ஈடு வைத்தல் வேண்டும். மாணவனிடம் ஈடுவைக்கத் தக்க பொருள் வேறென்ன உண்டு? பெரும்பாலும் புத்தகமே ஈடாயிற்று. அக்காலத்துக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் ஓரத்தாள்களில் இன்ன பெட்டியில், இன்ன நாளில், இன்ன தொகைக்கு ஈடு வைக்கப்பட்டது என்ற குறிப்புகளை இன்றும் காணலாம். படிப்பதற்காகக் கடன்பட்டு, அக் கடனுக்காகப் படிக்கும் நூலையே இழந்தவர் எத்தனை பேரோ!

இத்தகைய பெட்டிகள் பின்னர் பலவாயின. அவற்றின் அமைப்பே நம் கவனத்துக்குரியது. ஒரு பெட்டிக்கு ஒரு பூட்டன்று, பல பூட்டுகள். ஒவ்வொரு பூட்டின் சாவியும் வெவ்வேறு காப்பாளரிடம் இருந்தது. எல்லாரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பொதுப் பணம் ‘ஐந்து சாவிப் பெட்டி’ என்ற பெயர்கொண்ட பெட்டியிலேயே வைக்கப்பட்டது. காப்பாளர் தம் சகபாடிகளின் முன்னிலையிற் கணக்கு ஒப்புவித்தனர். கற்பிப்போரின் சங்கமாகவே பல்கலைக்கழகம் பிறந்தது; எனவே பணத்தைக் காக்கும் பொறுப்பும் கற்பிப்போரின் கூட்டுப் பொறுப்பாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டிலும் அங்குள்ள நிதி அலுவலகம் ‘பல்கலைக்கழகப் பெட்டி’ என்றே அழைக்கப்பட்டது. பெயர் நிலைத்தது, பல சாவி முறை நிலைக்கவில்லை.

பெட்டியின் சாவிகள் பலரிடம் இருந்தன என்பதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் கொண்டாடுதல் பேதைமை. பெட்டிக்குள் பணம் எங்கிருந்து வந்தது என்பது மற்றொரு வினா. 1264ஆம் ஆண்டு மேட்டன் கல்லூரி நிறுவப்பட்டபோது, அதன் நிலைபேற்றுக்காக நிலங்களும் கிராமங்களும் எழுதிவைக்கப்பட்டன. கல்லூரிக்குச் சொந்தமான ஊர்களுள் ஒன்று ஒக்ஸ்போட் மாநிலத்திலுள்ள கக்ஸம் என்ற சிற்றூர். அவ்வூரின் கணக்குச் சுருள்கள் பல கல்லூரியிலே பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன. எத்தனை மரக்கால் கோதுமை விளைந்தது, எத்தனை நாள் இலவச உழைப்புப் பெறப்பட்டது என்பனவெல்லாம் அவற்றிலே பதிவாகியுள்ளன. றொபேட் ஓல்ட்மன் என்பவர் 1311ஆம் ஆண்டு தொடக்கம் அவ்வூரின் மேற்பார்வையாளராக இருந்தார். அவரும் நிலத்தோடு பிணிக்கப்பட்ட குடியானவரே. எழுத்தறிவில்லாத உழவரின் உழைப்பை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கல்லூரிக்குக் கணக்கிட்டு ஒப்புவித்த அவரை 1349ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. கக்ஸம் ஊரார் உழுதனர். மேட்டனில் இறையியலும் தருக்கமும் வளர்ந்தன. இரண்டையும் இணைத்த நூல் நிதியாளரின் கணக்கு.

1576ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தம் நிலங்களைக் குத்தகைக்கு விடும்போது, குத்தகையில் மூன்றிலொரு பங்கைத் தானியமாகவோ, தானியத்தின் அன்றைய சந்தை விலையாகவோ பெறவேண்டும் என்று அது விதித்தது. விலைவாசி ஏறிய காலம் அது. ஏனைய நிலவுடைமையாளரின் பணவருவாய் தேய்ந்தபோது கல்லூரிகளின் வருவாய் வளர்ந்தது. அடம் ஸ்மித்தும் தம் நூலிலே இச் சட்டத்தை எடுத்துக்காட்டியுள்ளார். நிதியாளரின் நோக்கில் இது மிகச் சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயின் பாண் விலை ஏறி ஊர் பட்டினி கிடந்த ஆண்டுகளே கல்லூரிக்குச் செழிப்பான ஆண்டுகளாயின.

பல சாவிகள் ஒரு கையிற் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் தரலாம். வாஷிங்டன் நகரிலுள்ள ஜோர்ஜ்டவுன் கல்லூரியை நடத்தியோர் யேசு சபையார். அச் சபைக்கு மேரிலாண்ட் மாநிலத்திலே தோட்டங்களும், அவற்றில் உழைக்க அடிமைகளும் இருந்தனர். 1830களிலே கல்லூரியின் தலைவராக இருந்த தோமஸ் மலடி கட்டடங்களை எழுப்பிப் பெருங்கடன் பட்டார். பின்னர் அவரே மாகாணத்துச் சபைத் தலைவருமானார். 1838ஆம் ஆண்டு 272 அடிமைகளை 115,000 டொலருக்கு லூசியானாத் தோட்ட முதலாளிகளுக்கு விற்க அவர் உடன்படிக்கை செய்தார். விற்பனைக்கு அனுமதி அளித்த றோமாபுரித் தலைமை சில நிபந்தனைகளை விதித்திருந்தது: குடும்பங்களைப் பிரிக்கலாகாது, பெறும் பணத்தைக் கடன் தீர்க்கச் செலவிடாது முதலீடு செய்தல் வேண்டும். இரண்டும் மீறப்பட்டன. முதலிற் கைக்கு வந்த 25,000 டொலரில் 17,000 டொலர் கல்லூரியின் கடனுக்கே போயிற்று. கடனைப் பட்டவரும், சொத்தை விற்றவரும், பணத்தைப் பங்கிட்டவரும் ஒருவரே. தடுத்து நிறுத்தும் இன்னொரு சாவி அந்த நாட்டில் எவரிடமும் இருக்கவில்லை. மலடி றோமாபுரிக்கு அழைக்கப்பட்டுப் பதவி இழந்தார் என்பது உண்மையே. விற்கப்பட்டோர் திரும்பி வரவில்லை.

அவர் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு எதிராக மாணவர் கிளர்ந்தெழுந்தது 2015ஆம் ஆண்டிலேயே. விற்பனைப் பத்திரத்தில் முதலாவதாக இருந்த ஐசக் என்பவரின் பெயர் 2017ஆம் ஆண்டு அக் கட்டடத்துக்கு இடப்பட்டது. 2019ஆம் ஆண்டு அக் கல்லூரி மாணவர் தமக்குள்ளே வாக்கெடுப்பு நடத்தி, விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்காக ஒவ்வொரு தவணைக்கும் ஒருவர் 27 டொலர் 20 சதம் செலுத்தவேண்டும் என்று பெரும்பான்மையாகத் தீர்மானித்தனர். 272 என்ற எண் அத் தொகையில் ஒளிந்திருப்பதை வாசகர் கவனித்திருப்பர்.

மலடி கடனில் மூழ்கியவர். நேர்மையும் திறமையும் ஒருங்கே அமைந்த ஒருவர் நிதியாளராக வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இவ்வினாவுக்குக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியை நோக்குவது பயன்தரும். அங்கே பொருளியலறிஞர் ஜோன் மேனாட் கெயின்ஸ் 1919ஆம் ஆண்டு இரண்டாம் நிதியாளராகவும், 1924ஆம் ஆண்டு தொடக்கம் 1946ஆம் ஆண்டு மறையும்வரை முதலாம் நிதியாளராகவும் இருந்தார். உலகப் பொருளாதாரத்தையே மாற்றியமைக்க முயன்ற ஒருவர், கல்லூரியின் வரவுசெலவைப் பார்ப்பதைத் தமக்கு இழுக்காக ஒருபோதும் கருதவில்லை. இது அவர்மீது மதிப்பை உண்டாக்குவது.

கல்லூரிகள் தம் பணத்தை நிலத்திலும் அரசாங்கக் கடன் பத்திரங்களிலுமே இட்டுவந்தன. சட்டமும் அவ்வாறே கட்டுப்படுத்தியது. கெயின்ஸ் கல்லூரியின் நிலங்களில் ஒரு பகுதியை விற்கச் செய்தார். அக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத தனி நிதியொன்றை 30,000 பவுணுடன் அமைத்தார். அதன் பெயரும் ‘பெட்டி’ என்பதே! காலையிற் படுக்கையிலிருந்தபடியே பத்திரிகைகளைப் பார்த்து, தரகரோடு தொலைபேசியிற் பேசி அவர் பங்குகளை வாங்கினார், விற்றார். 1929ஆம் ஆண்டு வீழ்ச்சியை அவரும் முன்னறியவில்லை. தொடக்கத்தில் நட்டங்கள் பல. பின்னர் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் துரத்துவதை விட்டு, தாம் நன்கறிந்த சில கொம்பனிகளின் பங்குகளை வாங்கி நெடுங்காலம் வைத்திருக்கும் வழிக்கு மாறினார். அவர் இறந்தபோது அப் பெட்டியில் ஏறத்தாழ 380,000 பவுண் இருந்தது. ஆர்ஜெந்தீனக் கோதுமையைச் சந்தையில் வாங்கிவிட்டு, அதை வைக்க இடமின்றிக் கல்லூரியின் புகழ்பெற்ற தேவாலயத்தை அவர் அளந்து பார்த்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது.

இதே மனிதரே 1936ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலிலே பங்குச் சந்தையைச் சூதாட்டத்துக்கு ஒப்பிட்டார். உழைப்பின்றி முதலின் வருவாயிலே வாழும் வர்க்கம் மெல்ல மெல்ல மறைந்தொழியும் என்று எதிர்பார்த்தவரும் அவரே. அந்த வர்க்கத்துக்குரிய தொழிலை ஒரு கல்லூரியின் சார்பில் அவர் நாள்தோறும் செய்துவந்தார் என்பதை எங்ஙனம் விளங்கிக்கொள்வது? தனிமனித முரண்பாடு என்று தள்ளிவிடுதல் எளிது. நிறுவனம் நிற்கும் பொருளாதார அடித்தளத்தை, அதன் கணக்கேட்டிலே இருந்துகொண்டு எவராலும் மாற்ற இயலாது என்பதே சரியான விளக்கம் என எனக்குத் தோன்றுகிறது. அவர் விரும்பி வாங்கியவற்றுள் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கக் கொம்பனிகளின் பங்குகளும் இருந்தன. மனைவி மக்களை விட்டு வந்து, வேலியடைத்த தொழிலாளர் முகாம்களில் அடைபட்டு, அனுமதிச் சீட்டின்றி வெளியே நடமாட முடியாதிருந்த கறுப்பினத் தொழிலாளர் தோண்டிய தங்கம் அது. கக்ஸம் கல்லூரிக்கு ஒரு நாள் நடை தூரத்தில் இருந்தது. ஜொஹனஸ்பேர்க்கைக் கிங்ஸ் கல்லூரியின் சாப்பாட்டு மேசையிலிருந்து காண இயலாது.

இனி நம் நாட்டைக் கவனிப்போம். 1942ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். ஆங்கிலேய மாதிரியிலே மண்டபங்களும் மரபுகளும் வந்தன. ஆனால் மேட்டனைப் போலவோ கிங்ஸைப் போலவோ தலைமுறை தலைமுறையாகத் திரண்ட சொத்து இங்கு வரவில்லை. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தபின் மாணவர் கட்டணம் என்ற வாயிலும் அடைபட்டது. அது நாம் பெருமைப்படவேண்டிய அடைப்பு. எஞ்சியது அரசாங்கத்தின் மானியம். ஆகவே இலங்கை நிதியாளர் கெயின்ஸைப் போல முதலீட்டாளர் அல்லர்; திறைசேரியிலிருந்து வருவதை எண்ணி வாங்கி, விதிப்படி செலவிட்டு, கணக்குக் காட்டுபவர். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டமும் அவரைப் பதிவாளரின் பணிப்புக்கு உட்பட்டு நிதியை நிருவகிப்பவராகவே வைத்துள்ளது.

திறைசேரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளிலே அரசிறையின் பெரும்பகுதி ஏற்றுமதி இறக்குமதித் தீர்வைகளிலிருந்தே கிடைத்தது. ஏற்றுமதியில் முதன்மையானது தேயிலை. பேராதனையிலிருந்து சில மைல் மேலே ஏறினால் அத் தேயிலையைக் கொய்த மக்களின் லயன்களைக் காணலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களின் பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகளை 1970களிலேதான் அரசாங்கம் தேசியக் கல்வியமைப்பினுள் ஏற்கத் தொடங்கியது. அதுவரை, தம் கொழுந்துக்கூடையின் ஒரு பங்கு எந்த மண்டபத்துக் கூரையாயிற்று என்பதை அறியும் வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை. பல்கலைக்கழகக் கணக்கேட்டில் அது ‘அரசாங்க மானியம்’ என்ற ஒற்றை வரியாக நின்றது.

2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சம்பள உயர்வோடு நின்றுவிடாது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு அவர்கள் கோரினர். விரிவுரையாளர் வீதியில் நடந்தனர்; மாணவரும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்துகொண்டனர். கற்பிப்போர் தம் கையிலிருந்து என்றோ நழுவிப்போன சாவிகளுள் ஒன்றைக் கேட்டது போல இருந்தது அது. ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின், ஒக்டோபரில், அவர்கள் வகுப்பறைக்குத் திரும்பினர். அவ்வேளை கல்விக்கென அரசாங்கம் செலவிட்டது 2 சதவீதத்தை அண்டியே இருந்தது.