உருண்டைக் குதிரையும் நழுவும் சேணமும்

போர்களின் வரலாற்றை எழுதியவர்கள் வாளையும் வேலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டிய தோல் வாரைப் பற்றி எழுதியவர்களோ மிகச் சிலர். ஆயினும், பாய்ந்து செல்லும் குதிரையின் முதுகில் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டால், வீரன் எத்தகைய வாளை ஏந்தியிருந்தாலும் பயனில்லை. அடுத்த கணம் அவன் குளம்புகளுக்கிடையே கிடப்பான்.

எல்லாக் குதிரைகளிலும் இந்த ஆபத்து ஒரே அளவினதன்று. கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் குதிரைக்கு ஓர் எலும்பு மேடு உண்டு. அதைத் தோள்மேடு எனக் கொள்வோம். அது உயர்ந்திருந்தால், சேணத்தின் முன்பகுதி அதன் இருபுறமும் கவிந்து நிலையாக அமரும். தோள்மேடு தாழ்ந்து, விலாக்களும் உருண்டு திரண்டிருந்தால், சேணம் பீப்பாயின் மேல் வைத்த பலகை போலாகிவிடும். அது பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

வியப்பு என்னவெனில், இந்த உருண்டை உடல் ஒரு காலத்தில் குறையாகக் கருதப்படவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கத் தளபதி செனபோன், முதுகெலும்பு புடைத்து நில்லாமல் இருபுறமும் சதை திரண்டிருக்கும் முதுகையே விரும்பினார். அமர்வதற்கு மென்மையானது, பார்ப்பதற்கும் அழகானது என்பது அவருடைய கருத்து. காரணம் எளிது. அக்காலக் கிரேக்கர் சட்டம் வைத்த சேணத்தை அறியார். வெறும் முதுகிலோ ஒரு துணி விரிப்பிலோ அமர்ந்தே சவாரி செய்தனர். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரும், சேண விரிப்பைப் பயன்படுத்துவது இழிவென ஜேர்மானியச் சுவேபியர் எண்ணியதாக யூலியஸ் சீசர் குறித்து வைத்துள்ளார். சேணம் இல்லாதவனுக்குச் சேணம் நழுவும் கவலையும் இல்லை.

அந்தக் கவலையை முதலில் அனுபவித்தவர்களுள் ஆசியப் புல்வெளியின் நாடோடிகளும் அடங்குவர். சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்னுமிடத்தில் பனியில் உறைந்திருந்த கல்லறைகளைச் சோவியத் தொல்லியலாளர்கள் 1929இலும், பின்னர் 1947 முதல் 1949 வரையிலும் அகழ்ந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேணங்கள் அங்கே அழியாமல் கிடைத்தன. முதுகெலும்பின் இருபுறமும் படியும் இரண்டு திணிப்பு மெத்தைகளே அவற்றின் உடல். அவற்றை நிறுத்த வயிற்று வார், மார்பு வார், வாலடி வார் என மூன்று வார்கள் இருந்தன.

இம்மூன்றின் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேடேறும்போது சேணம் பின்னோக்கி வழுவாமல் தடுப்பது மார்பு வார். இறக்கத்தில் அது கழுத்தை நோக்கி வழுக்காமல் பிடித்திழுப்பது வாலடி வார். தோள்மேடு தாழ்ந்த குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் வாலடி வார் பெரிதும் உதவுவது இதனாலேயே. ஆனால், பக்கவாட்டில் உருளுவதை இவ்விரண்டும் முழுமையாகத் தடுப்பதில்லை. அதற்குச் சேணத்தின் அமைப்பே மாற வேண்டியிருந்தது.

உரோமர் அதற்கு ஒரு வழி கண்டனர். அவர்களுடைய சேணத்தின் நான்கு மூலைகளிலும் கொம்பு போன்ற எழுச்சிகள் இருந்தன. அக்கொம்புகளின் வெண்கலத் தகடுகள் ஸ்கொட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையில் கிடைத்தன. பிரித்தானிய ஆய்வாளர் பீற்றர் கொனொலி, கிடைத்த எச்சங்களைக் கொண்டு இச்சேணத்தை மீளச் செய்து பார்த்தார். அங்கவடி இல்லாமலேயே வீரன் உறுதியாக அமர முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று. வீரன் நடுவில் நிலையாக இருந்தால், அவனுடைய பாரம் சேணத்தை ஒரு பக்கமாக இழுக்காது.

அங்கவடியின் வருகை நன்மையோடு ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. சீனாவின் சாங்ஷா நகரில், கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறையொன்றில் கிடைத்த மட்பாவையில் ஒரு பக்கத்தில் மட்டும் அங்கவடி காணப்படுகிறது. ஏறுவதற்கு மட்டுமே அது பயன்பட்டது போலும். 415இல் இறந்த பெங் சூபுவின் கல்லறையில் முழு இணையே கிடைத்தது. ஏறும் மனிதன் தன் முழுப் பாரத்தையும் இடப்பக்க அங்கவடியில் வைக்கிறான். உருண்டைக் குதிரையில் சேணம் உருள்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மறுபக்கத்தில் ஒருவர் நின்று வலப்பக்க அங்கவடியை அழுத்திப் பிடித்தால் சேணம் நிற்கும்.

அங்கவடியைப் பிடிக்கும் இப்பணி பேரரசர்களையும் விட்டுவைக்கவில்லை. 1155இல் இத்தாலியின் சூத்ரியில், பாப்பரசர் நான்காம் ஏட்ரியனின் அங்கவடியைப் பிடிக்க ஜேர்மன் மன்னர் பிரெடரிக் பார்பரோசா முதலில் மறுத்தார். பெரும் பிணக்கின் பின்னரே அவர் இணங்கினார். அவர் வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கத்தைப் பிடித்தார் என்று குறை எழுந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஹெல்மோல்ட் எழுதுகிறார். பணிவின் அடையாளமாகிவிட்ட அச்சடங்கில், எந்தப் பக்கம் என்ற குதிரை லாயத்துக் கேள்வி அப்போதும் உயிரோடிருந்தது.

குட்டையான, திரண்ட உடல் கொண்ட மொங்கோலியக் குதிரையின் மீது உலகின் பெரும் பகுதி வெல்லப்பட்டது. மொங்கோலியர் முன்னும் பின்னும் உயர்ந்த மரச் சேணத்தை இரண்டு வயிற்று வார்களால் கட்டுகின்றனர். ஒரே வாரை மூச்சு முட்ட இறுக்குவதைவிட, பிடிப்பை இரண்டாகப் பகிர்வது மேல் என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது.

இறுக்கினால் போதும் என்பதே இன்றும் பலரிடம் உள்ள தவறான எண்ணம். உருண்டையான ஒன்றின்மேல் இறுக்கம் உராய்வைக் கூட்டுமேயன்றிப் பிடிமானத்தைத் தராது. அளவு மீறினால் வார் தோலைப் புண்ணாக்கும், மூச்சைத் தடுக்கும். தடித்த மெத்தையை அடியில் வைத்தாலும் பயனில்லை. சேணம் மேலும் உயர்ந்து, மேலும் எளிதில் உருளும். குதிரையின் அகலத்துக்கு ஏற்ற அகலமான சட்டம், வழுக்காத மெல்லிய விரிப்பு, ஏறுவதற்கு ஒரு மேடை, சிறிது தூரம் நடந்தபின் வாரை மீண்டும் சரிபார்க்கும் பழக்கம் ஆகியவையே பயன் தருவன. கொழுப்பினால் உருண்ட குதிரையாயின் தீவனத்தைக் குறைப்பதும் மருந்தாகும்.

குதிரையின் உடலைச் சேணத்துக்கு ஏற்ப நெருக்குவதற்கு வாரை ஒரு துளை இழுத்தால் போதும். சேணத்தைக் குதிரையின் உடலுக்கு ஏற்ப அமைப்பதற்கோ மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. வீரனின் உயிரையும் குதிரையின் தோலையும் ஒருங்கே காத்தது இரண்டாவது வழிதான்.