பழைய கிராபிக்ஸ் கார்டில் உயர் தெளிவுத்திரை

திரையில் உள்ள படம் நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதே புதுப்பிப்பு வீதம். அதன் அலகு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் மவுஸ் குறி வழுக்கிக்கொண்டு ஓடும். 30 ஹெர்ட்ஸில் அது தத்தித் தத்திப் போவது கண்ணுக்கே தெரியும். பழைய கார்டில் 4கே மானிட்டரைப் பொருத்தியவர்கள் பலர் இந்த 30-இல்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கார்டின் சிப் வலுவில்லாதது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிவிடுவதும் உண்டு. விளையாட்டுகளை விட்டுவிட்டால், அன்றாட வேலைக்கு அந்தச் சிப் தாராளமாகப் போதும். தடை பெரும்பாலும் கேபிள் இணைப்பில்தான்.

இதற்கு முதல் பெரிய சாட்சி ஐபிஎம் 2001 ஜூனில் வெளியிட்ட டி220, அதைத் தொடர்ந்து வந்த டி221 மானிட்டர்கள். 22.2 அங்குலத் திரையில் 3840×2400, அதாவது 92 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். அன்றைய டிவிஐ இணைப்பு ஒன்று நொடிக்கு 16.5 கோடி பிக்சல்களுக்கு மேல் கடத்தாது. ஒற்றைக் கேபிளில் படம் நொடிக்கு 13 முறைதான் மாறியது. எனவே திரையைப் பகுதிகளாகப் பிரித்து, நான்கு இணைப்புகளில் பிக்சல்களை அனுப்பி 41 ஹெர்ட்ஸை எட்டினார்கள். எல்சிடி என்பதால் அந்த வேகத்திலும் திரை சிமிட்டவில்லை. சுமையைப் பங்கிடும் இந்த உத்தி 2013-இல் மறுபடியும் தலைகாட்டியது: 60 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டர்களில் முதலில் வந்தவை தம்மை 1920×2160 அளவுள்ள இரண்டு திரைகளாகவே கார்டுக்குக் காட்டிக்கொண்டன.

இன்னொரு வழி, வீணாகும் நேரத்தைக் குறைப்பது. பழைய குழாய்த் திரைகளில், எழுதுபவர் வரி முடிந்ததும் கையை அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதுபோல, எலக்ட்ரான் கற்றையும் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்த இடைவேளைக்காகப் படமில்லாத வெற்றுப் பிக்சல்களும் சிக்னலில் சேர்ந்தன. எல்சிடிக்கு இவ்வளவு இடைவேளை தேவையில்லை. 1920×1200 திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டப் பழைய கணக்குப்படி சுமார் 193 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 19.3 கோடி பிக்சல்களைக் கடத்தும் வேகம் வேண்டும். இடைவேளையைச் சுருக்கினால் 154 போதும். ஒற்றை டிவிஐயின் வரம்பு 165. கார்டையும் கேபிளையும் மாற்றாமல், வெறும் எண்களைத் திருத்தியே கிடைத்த வெற்றி இது! சிஆர்யூ போன்ற இலவச மென்பொருள்களில் இந்த எண்களை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள கார்டுகளுக்கு இது போதாது. 4கே, 60 ஹெர்ட்ஸுக்கு வழக்கமான அமைப்பில் 594 மெகாஹெர்ட்ஸ் தேவை. அந்த இணைப்பின் உச்சம் 340. என்விடியா 2014-இல் கெப்ளர் வகைக் கார்டுகளுக்கான டிரைவரில் ஒரு குறுக்கு வழி திறந்தது. ஒவ்வொரு பிக்சலின் ஒளிர்வையும் அப்படியே அனுப்பி, நிறத்தை மட்டும் நான்கு பிக்சல்களுக்கு ஒன்றாகச் சுருக்கும் 4:2:0 முறை அது. தேவை 297-ஆகப் பாதியாகிறது. டிவியும் இந்த முறையை ஏற்க வேண்டும். திரைப்படம் பார்க்கையில் வித்தியாசமே தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் படித்தால் விளிம்புகள் கலங்கித் தெரியும். நாள் முழுக்க எழுத்தோடு உழைப்பவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

அவர்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.2 சிறந்தது. 2010-இல் வந்த ரேடியான் எச்டி 6800 வரிசையிலேயே அது இருக்கிறது. ஒரே கேபிளில் 4கே, 60 ஹெர்ட்ஸை, நிறத்தில் கைவைக்காமல் கடத்தும் கொள்ளளவு அதற்கு உண்டு. சில மானிட்டர்களில் இந்த வசதி தொழிற்சாலையிலேயே அணைக்கப்பட்டு வருவதால், திரையின் சொந்த மெனுவில் 1.2 என்று மாற்ற வேண்டியிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0 டிவிக்கு இணைக்க ‘ஆக்டிவ்’ வகை அடாப்டர் வேண்டும். சிக்னலை மாற்றும் சிப் இல்லாத மலிவான அடாப்டரால் பயனில்லை.

வரம்பு மீறி வீதத்தை உயர்த்தினால் திரையில் புள்ளிகள் மின்னும், சில நேரம் படமே வராது. விண்டோஸைச் சேஃப் மோடில் திறந்து அமைப்பை நீக்கினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.