சேர்வராயன் மலைநாட்டில் வழக்கும் சட்டமும்

வழக்கு என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. மக்கள் நெடுங்காலமாகப் பயின்று வரும் ஒழுகலாற்றை அது குறிக்கும். மன்றத்தில் இருவர் தம்முள் மாறுபட்டு நின்று உரைக்கும் பூசலையும் குறிக்கும். திருக்குறள் உரைப்பாயிரத்தில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூவகைப்படுத்தினார். அவ்விடத்து வழக்கு என்பது ஒரு பொருளை இருவர் தத்தமதென்று கொள்வதனால் எழும் பூசலாகும். தொல்காப்பியரோ மரபியலில் வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்து நிற்பது என்றார். ஆண்டு அச்சொல் பயிற்சியைக் குறித்தது. இவ்விரு பொருளும் ஓரிடத்தில் வந்து முட்டுங்கால் சட்டவியலின் அடிப்படை வினா ஒன்று தோன்றுகின்றது. ஒரு குடியின் ஒழுகலாறு இன்னது என மன்றத்தில் எடுத்துரைக்கத் தக்கார் யாவர்? இவ்வினாவைச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், நாகலூர் முதலிய ஊர்களில் வாழும் மலையாளி மக்களை முன்னிறுத்தி ஆராய்வது நம் நோக்கம்.

இம்மலையாளிகள் சேரநாட்டினர் அல்லர், தமிழ் பேசுவோர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளிலேயே இப்பெயர் வழங்குகின்றது. காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து தனித்தனி மலைகளிற் குடியேறினர் என்பது அவர்தம் தோற்றக்கதை. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் சேர்வராயன் மலை சாலநாடு, முட்டநாடு, மோகநாடு என மூன்று நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தமையைக் குறிக்கின்றது. நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்கு மூப்பரும் எனத் தலைமை வகுக்கப்பட்டிருந்தது. மணமுறிவு, பரியம், நிலவெல்லை ஆகியன பற்றிய பூசல்களை ஊர் கூடித் தீர்த்தது. சோழர் கல்வெட்டுக்களில் வரும் நாட்டார் அவையை இந்நாட்டு அமைப்பு நினைவூட்டுகின்றது. எனினும் பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு இரண்டையும் ஒன்றெனத் துணிதல் பொருந்தாது.

இத்தகைய அவையில் வழக்கை மெய்ப்பிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். தீர்ப்புரைப்போர் அவ்வழக்கிற் பிறந்து வளர்ந்தவர். அவர்க்கு அது சான்று கொண்டு அறியும் செய்தியன்று. காலத்திற்கேற்ப அதனைச் சிறிது நெகிழ்த்தவும் இறுக்கவும் அவர்க்கு இயலும். நெகிழ்த்தியபின் அதுவே பழவழக்கு எனப்படும்.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கும்பினியார் வசமாயின. அலெக்சாண்டர் ரீடின்கீழ் இங்குப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் நீதிமுறைச் சீர்திருத்தத்திற்குத் தலைமை தாங்கினார். 1816ஆம் ஆண்டு விதிகள் ஊர் முன்சீபையும் ஊர்ப் பஞ்சாயத்தையும் நீதிமுறையின் உறுப்புக்களாக்கின. பழைய அவையை அரசின் கருவியாக்க முயன்ற முயற்சி அது. பெரிதும் பயன்படாது போயிற்று. நிலைத்து நின்றது வேறொன்று. 1873ஆம் ஆண்டுச் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாரிசுரிமை, திருமணம் முதலியவற்றில் இந்துக்களுக்கு இந்து சட்டத்தையோ, சட்டவலிமை பெற்ற வழக்கையோ கொள்ளுமாறு பணித்தது. இரண்டும் இல்லாவிடத்து நீதி, நடுவுநிலை, நன்மனச்சான்று ஆகியவற்றின்படி தீர்க்குமாறும் கூறிற்று. இறுதியாகக் கூறிய இது பிற்காலத்தில் எத்துணைப் பயன்பட வல்லது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எழுதிய நூலினும் பயின்ற வழக்கே வலிது என்னும் கொள்கை இங்கிலாந்துப் பிரிவி கவுன்சிலால் நிலைநாட்டப்பட்டது ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயாம். மதுரைக் கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையே நிகழ்ந்து 1868இல் முடிவுற்ற இராமநாதபுர வழக்கு அது. கணவன் இசைவளியாது இறந்தவிடத்தும், உறவினர் இசைவு பெற்றுக் கைம்பெண் மகவு கொள்ளுதல் தென்னாட்டிற் செல்லும் என்று அம்மன்றம் கண்டது. ஒரு பெண்ணின் செயலைக் காக்கப் பிறந்த இக்கொள்கையே பின்னர்ப் பெண்மக்களை நிலத்தினின்று விலக்கவும் எடுத்தாளப்பட்டது என்பது எண்ணத்தக்கது. நான்காண்டு கழித்து, 1872இல், இராமலட்சுமி அம்மாள் வழக்கில் அதே மன்றம் ஒரு வரையறை வகுத்தது. பொதுச்சட்டத்தினின்று வேறுபடும் வழக்குத் தொன்மையும் மாறாமையும் உடையதாதல் வேண்டும். ஐயத்திற்கு இடமற்ற சான்றால் மெய்ப்பிக்கப்படுதலும் வேண்டும்.

இனி நாகலூருக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும், நடுவணரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினர்க்குப் பொருந்தா என ஒருபடித்தாகக் கூறுகின்றன. மலையாளி என்னும் பெயர் பழங்குடிப் பட்டியலில் இருத்தலின், ஏற்காட்டு மலையாளியின் சொத்துரிமையை வழக்கே ஆள்கின்றது. பட்டியலில் அப்பெயர் சேலம் முதலிய சில மாவட்டங்கட்கே உரியதாக வரையறுக்கப்பட்டது. கோயம்புத்தூர் அவற்றுள் இடம்பெறவில்லை. ஆதலின் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கிய பர்கூர் மலையில் வாழ்ந்த மலையாளிப் பெண் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் இந்துப் பெண். தந்தை சொத்தில் மகனோடொத்த வாரிசு. சேர்வராயன் மலைப் பெண்ணோ பழங்குடியினள். தன் குடிவழக்கு இடங்கொடுக்கும் அளவிற்கே வாரிசு. காப்பு எனக் கருதி இயற்றப்பட்ட விலக்கு, குடியின் தன்மையைக் காத்தது. அக்குடியிற் பிறந்த மகளைக் காத்ததா என்பதே கேள்வி.

நிலம் ஆண்மக்கட்கே என்பது மலைநாட்டிற் பொதுவாகச் சொல்லப்படும் வழக்கு. சொல்பவர் யாவர்? 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஒரு வழக்கு உளதாயின் அதனை அறிந்திருக்கக் கூடியவரின் கருத்தைச் சான்றாக ஏற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்நெறியைக் கைவிடவில்லை. அறிந்திருக்கக் கூடியவர் என நீதிமன்றம் எளிதில் ஏற்பது ஊர்த்தலைவரையும் மூத்தோரையுமே. அத்தலைமையோ ஆடவர்வழி வருவது. உயர்ந்தோர் மேற்று என்னும் இலக்கண நெறி ஈண்டுப் பெயர் மாறி நிற்கின்றது எனலாம். அன்றியும், அவையில் நெகிழ்ந்து இயங்கிய வழக்கு நீதிமன்றத்தில் மாறாமை காட்டியாக வேண்டியிருக்கின்றது. நேற்று ஊரார் ஒரு மகளுக்குக் கொல்லையில் ஒரு பங்கு கொடுத்திருப்பின், அது அவ்வழக்கின் வளர்ச்சி எனக் கொள்ளப்படாது. வழக்கே மெய்ப்பிக்கப்படவில்லை என்பதற்குக் காரணமாகிவிடும்.

அண்மைத் தீர்ப்புக்கள் இவ்விடத்திலேதான் மாற்றம் செய்துள்ளன. 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம், விலக்கு உள்ளவரை பழங்குடி மகள் வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பங்கு கோரவியலாது என்று கூறி, அவ்விலக்கைத் திரும்பப் பெறுதல் குறித்து எண்ணிப் பார்க்குமாறு நடுவணரசைக் கேட்டுக்கொண்டது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு பழங்குடிக் குடும்பத்துப் பாகப்பிரிவினையில் மகளிர்க்குச் சமபங்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் சத்தீசுகரைச் சார்ந்த ஒரு கோண்டு குடும்பத்தின் வழக்கில், மெய்ப்பிக்கும் பொறுப்பு யார்மீது என்பதைத் தெளிவாக்கிற்று. மகளுக்குப் பங்குண்டு என்னும் வழக்கு மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கீழ்மன்றங்கள் அக்கோரிக்கையைத் தள்ளின. அவளை விலக்கும் வழக்கு உண்டென்று எதிர்ப்பக்கத்தார் மெய்ப்பித்தாரா என்று உச்சநீதிமன்றம் வினவிற்று. மெய்ப்பிக்காமையின் சமபங்கு அளித்தது. ஆண்டு அது துணைக்கொண்டவற்றுள் 1875ஆம் ஆண்டு நடுமாகாணச் சட்டத்தின் நீதி, நடுவுநிலை, நன்மனச்சான்று என்னும் தொடரும் ஒன்று. சென்னை மாகாணத்திற்கு அத்தொடர் 1873ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது என்பதை மேலே கண்டோம்.

நாகலூரிலிருந்து நாளை ஒரு மகள் வழக்குத் தொடுப்பின், அவள்பால் கேட்கப்படும் முதற்கேள்வி இப்போது அவள் தமையன்பால் கேட்கப்படும். மகளிர்க்கு நிலமில்லை என்பது தொன்றுதொட்டு வருவது, மாறாதது என அவன் பல நிகழ்ச்சிகளைக் காட்டி நிறுவ வேண்டும். வாய்மொழியாகவே பாகம் பிரித்து வந்த ஊர்களில் அதற்குரிய ஆவணம் அரிது. பட்டாவில் ஆடவர் பெயர் மட்டும் இருத்தல் அவர் பெயரில் நிலம் பதிவானதைக் காட்டுமேயன்றி, மகள் கேட்டு மறுக்கப்பட்டாள் என்பதைக் காட்டாது.