பால்மரமும் நீர்மூழ்கியும்

மலாக்கா நகரை அடுத்த கிளேபாங் கடற்கரையில் உவேசான் என்னும் பிரெஞ்சு நீர்மூழ்கி நிறுத்தப்பட்டுள்ளது. 1978-இல் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்த இக்கலம், ஓய்வு பெற்றபின் மலேசிய மாலுமிகள் பயிற்சி பெறும் கலமாகி, 2011-இல் மலாக்காவை வந்தடைந்து அருங்காட்சியகமாயிற்று. அதனைக் காணச் செல்வோர் கண்கள் குண்டுக்குழாய்களையே நாடும். ஆயின் அத்தகைய கலங்களின் உயிர்நிலை மின்கலங்களே. கடலடியில் டீசல் இயந்திரத்திற்குக் காற்றில்லை. மேலே மிதக்கும்போது சேமித்த மின்சாரமே கீழே சுழலியைச் சுழற்றும்.

அம்மின்கலங்களின் வரலாற்றில் பால்மரத்திற்கு ஓர் இடமுண்டு. ஈயத் தகடுகள் தோய்ந்திருப்பது கந்தக அமிலத்தில். அமிலம் இரும்பைத் தின்னும். அதனோடு கடல்நீர் கலந்தாலோ குளோரின் நச்சுவாயு எழுந்து மாலுமிகளை மாய்க்கும். ஆகவே அமிலத்திற்கு அசையாத பாத்திரம் வேண்டியிருந்தது. ரப்பருடன் மிகுதியான கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் கருங்காலிபோல் இறுகும் எபோனைட், 1851-இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்ற பொருள், அதற்கு உதவிற்று. இரண்டாம் உலகப்போரில் செர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கி ஒன்றில் 124 மின்கலங்கள் இருந்தன. அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 62 டன்.

மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதல் நட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய முயற்சி, பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. மலாக்காத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து சேர்ந்தனர். இருள் பிரியுமுன் விளக்கேந்தி மரம் சீவினர். பாலை ஆலைக்குச் சுமந்தனர். ஆலைத் தொட்டியில் அமிலமூற்றி உறைய வைத்த பால், புகைவீட்டில் காய்ந்து சீட்டாகிக் கப்பலேறியது. அமிலத்தால் உறைந்த பால் சீமையில் அமிலத்தையே அடக்கும் கலமாகக்கூடும் என்பதை வெட்டுக்காட்டில் நின்றவருக்கு யார் சொன்னார்? தோட்டக் கணக்கேடு பாலின் எடையோடு நின்றுவிடும்.

போர் வந்தபோது ரப்பரின் அருமை வெளிப்பட்டது. 1916-இல் பிரிட்டனின் கடல்முற்றுகையைக் கடந்து, டாயிச்லாந்து என்னும் செர்மானிய வணிக நீர்மூழ்கி அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து 300 டன்னுக்கும் மேற்பட்ட ரப்பரைச் சுமந்து நாடு திரும்பிற்று. 1942-இல் மலாயா சப்பானியர் வசமானதும், நேச நாடுகள் தம் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை இழந்து செயற்கை ரப்பரைத் தேடின. தோட்டங்களிலோ வாங்குவோரின்றிப் பால் வெட்டும் வேலை குன்றியது, அரிசி அரிதாயிற்று, ஆடவர் பலர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் ஆயிரமாயிரம். இதே காலத்தில் செர்மானிய நீர்மூழ்கிகள் பினாங்கில் ரப்பரும் வெள்ளீயமும் ஏற்றிக்கொண்டிருந்தன. சரக்குக் கலமாக மாற்றப்பட்ட யு.ஐ.டி. 23, 1944 பிப்ரவரி 14-இல் மலாக்கா நீரிணையில் பிரிட்டனின் டாலி-ஹோ நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

போருக்குப் பின் எபோனைட்டின் இடத்தை நெகிழியும் கண்ணாடியிழையும் பற்றின. 2020-இல் சப்பானின் ஓரியூ, ஈயமும் அமிலமும் நீக்கி இலித்தியம் மின்கலங்களுடன் கடற்படைப் பணியில் சேர்ந்தது. மலாக்காவின் பழைய வெட்டுக்காடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது.