சிறுமலையில் தீயும் உண்ணிச்செடியும்: எதை முதலில் கையாள்வது?

மாசி, பங்குனியில் சிறுமலைச் சரிவில் தீ ஏறுவது திண்டுக்கல்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. தீத்தடுப்புக் கோடு, காவலர், பச்சைக் குழையால் அடித்து அணைத்தல் என்று நாம் செய்துவருவது வேண்டியதுதான், ஆனால் போதாது. அயல் தாவரமான உண்ணிச்செடிப் (லாண்டானா) புதரையும் காய்ந்த புல்லையும் விட்டுவைத்துத் தீயை மட்டும் தடுத்தால் அடுத்த தீ இன்னும் பெரிதாகும். முதலில் புதரை அகற்றி, பிறகு பருவமறிந்து சிறுதீ வைத்து, கூடவே நாட்டு மரங்களை மீட்டால்தான் மலையூர்கள் தீயோடு வாழ முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏன் இந்த வரிசை? கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் பழங்குடியினரான சோளகர்கள் கடுங்கோடைக்கு முன்பே சருகை எரித்துவந்தனர். 1974இல் அங்கே சரணாலயம் அமைந்தபின் அந்த வழக்கம் தடைப்பட்டது. உண்ணிச்செடி காட்டை மூடியது. தீயும் உண்ணிச்செடியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்ற கருதுகோளை 2005இல் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் முன்வைத்தனர். சோளகர்களோ, தீயை நிறுத்தியதால்தான் செடி பெருகியது என்கிறார்கள். அந்தப் பட்டறிவுக்கு இதே ஆய்வாளர்கள் பின்னர் உரிய இடம் கொடுத்து எழுதினர். என் கணிப்பில் இரண்டும் உண்மை. பொருந்தும் கட்டம்தான் வேறு. செடி நாற்றாக இருக்கையில் சருகுத்தீ அதைக் கருக்கிவிடும். ஆளுயரப் புதரான பின் அதே தீ புதர்வழியே மரக்கிளைக்கு ஏறும். அடுத்த மழைக்கு அடித்தூர் மீண்டும் துளிர்க்கும்.

சிறுமலையில் உண்ணிச்செடி அடைத்த சரிவுகள் இந்த இரண்டாம் கட்டத்தில் உள்ளன. அங்கே தீக்குச்சிக்கு முன் கடப்பாரை போக வேண்டும். தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, தரைமட்டத்துக்குக் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். மேலாக வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். பிறகு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் காய்ந்தும் மண்ணில் ஈரம் நிற்கும் தை மாதத்தில், காற்று எழுமுன், மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக எரிக்கலாம். கீழிருந்து வைத்த தீ சரிவில் பாய்ந்து ஏறும். மேலிருந்து வைத்தது மெல்ல இறங்கும்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. பள்ளங்களில் உள்ள பசுமை மாறாக் காட்டிலும், நிழல் மரங்களின் கீழ் காப்பியும் மிளகும் நிற்கும் தோட்டங்களிலும் தீ நுழையவே கூடாது. இலையுதிர் காட்டிலும் ஒரே துண்டை ஆண்டுதோறும் எரித்தால் இளமரம் தலையெடுக்காது. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனம் 1988 முதல் கண்காணிக்கும் 50 ஹெக்டேர் காட்டில், தீயில் அதிகம் மடிந்தவை சிறு மரங்களே. ஆகவே கன்று நட்ட இடத்தைச் சில ஆண்டு தீயிலிருந்து காத்து, சுற்றுப்புறத்தை மட்டும் எரிக்க வேண்டும். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நடவும், அதே ஆண்டில் வந்த அயல் தாவர அகற்றல் கொள்கையும் ஒரே சரிவில், ஒரே திட்டமாகச் சேர வேண்டும்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய தீயில் 23 பேர் மாண்டனர். அதன்பின் தீ வைப்பது என்றாலே அஞ்சுவது இயல்பு. ஆனால் அங்கே கொன்றது, காய்ந்த புற்சரிவில் கோடையில் ஏறிய தீ. தையில் விவரமறிந்தவர் வைக்கும் தீ, அந்தப் புல்லைப் பங்குனிக்கு முன்பே குறைத்துவிடும்.

1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். தேனும் கடுக்காயும் நெல்லியும் எடுக்கும் சிறுமலைப் பழங்குடியினரான பளியர்கள் தங்கள் அறிவை வனத்துறையிடம் வெளிப்படையாகச் சொல்ல இந்தச் சட்டத்தின் அச்சம் விடுவதில்லை. 2006இன் வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. எந்தச் சரிவை எரிப்பது, எதை விடுவது என்பதைப் பளியர்களும் தோட்டக்காரர்களும் வனத்துறையோடு அமர்ந்து கார்த்திகையிலேயே முடிவுசெய்ய வேண்டும். தீக்காவலர் கூலியும் கோடைக்குக் காத்திராமல் அந்த மாதமே தொடங்க வேண்டும்.